மூன்று வக்கியூம் கிளீனரும் நாலு துவக்கும்

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனின் புத்தகப் பையைத் தோய்க்க எடுத்தபோது அடியில் நாலாக மடித்த கடிதம் ஒன்று அகப்பட்டது. பாடசாலைக் கடிதம். திகதியைப் பார்த்தால் இரண்டு கிழமை பழசு. பிள்ளை கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்றால் எம்மைப் போன்ற பெற்றோருக்கு முதலில் வருவது பயம்தான். யாருக்காவது அடித்துவிட்டானா, எதையாவது உடைத்துவிட்டானா, நாங்கள் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டுவிட்டோமா என்று ஆயிரம் யோசனை ஓடியது.

இருவருமாகக் குந்தியிருந்து, தெரியாத சொற்களைத் தொலைபேசியில் தட்டிப் பார்த்துப் பார்த்து வாசித்தோம். வாசித்து முடித்த பிறகும் பிழையாக விளங்கிக்கொண்டோமோ என்று ஐமிச்சம். வசந்தகால இசை நிகழ்ச்சிக்கு மூன்று வக்கியூம் கிளீனர்கள் தேவையாம். நல்ல சத்தம் போடும் பழைய மெசின் என்றால் இன்னும் நல்லதாம். அவற்றை மேடையில் இயக்க விரும்பும் பெற்றோர் பெயர் கொடுக்கவேண்டுமாம்.

மகனுக்கு வயது பன்னிரண்டு. பாடசாலை இரவலாகக் கொடுத்த கிளாரினெற் வாசிக்கிறான். "ஏன் ராசா இதை ஒளிச்சு வைச்சனீ?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அம்மாவைக் கூப்பிடுவினம். எல்லாரும் சிரிப்பினம்."

அவனுடைய அம்மா பின்னேரம் ஆறு மணி தொடக்கம் நடுச்சாமம் வரை அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை செய்கிறா. அங்கே அவவின் கையில் இருப்பது வக்கியூம் கிளீனர்தான். அன்றிரவு அவ அதிகம் கதைக்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டா: "உந்தப் பாட்டிலை சனம் ஆரைப் பாத்துச் சிரிக்கிது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் இசை படித்தவர்கள் அல்லர். உயர்தரம் எழுத முதலே போர் எங்களைப் பாடசாலையிலிருந்து கிளப்பிவிட்டது. இப்போது பே ஏரியாவில், மில்பிற்றாஸ் பக்கம், சர்க்கியூட் பலகைகளில் உதிரிப்பாகம் பொருத்தும் பக்ரரியில் பகல் வேலை. நூலகத்துப் புத்தகமும், இசைத்தட்டும், மகனின் ஆசிரியையும்தான் எங்களுக்கு வாத்தியார்கள்.

அது என்ன இசை?

அதன் பெயர் 'எ கிராண்ட், கிராண்ட் ஓவர்ச்சர்'. எழுதியவர் மல்கம் ஆர்னோல்ட் என்ற ஆங்கிலேயர். எழுதிய ஆண்டு 1956.

ஓவர்ச்சர் என்றால் துவக்க இசை. எங்கள் ஊரில் அரிச்சந்திரா நாடகம் தொடங்க முதல் ஆர்மோனியமும் மிருதங்கமும் தனியே கொஞ்ச நேரம் முழங்குமே, அதைப் போல ஐரோப்பாவில் ஒபேரா என்னும் இசை நாடகத்துக்குத் திரை விலகமுன் வாசிப்பது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடகமே இல்லாமல் ஓவர்ச்சரை மட்டும் எழுதி மேடையேற்றும் வழக்கம் பரவியது. போகப்போக ஆரவாரமும் கூடியது. ரஷ்ய நாட்டுச் சைக்கோவ்ஸ்கி 1880 இல் எழுதிய '1812 ஓவர்ச்சர்' முடியும்போது பீரங்கி வெடிக்கும். 1974 இல் பொஸ்ரன் பொப்ஸ் வாத்தியக் குழு யூலை 4 ஆம் திகதி அதை வாணவெடியோடு வாசித்த பிறகு, அமெரிக்கச் சுதந்திர தினத்தில் அதைக் கேட்பது இங்கே ஒரு வழக்கமாகவே போய்விட்டது.

இந்த ஆரவாரத்தைத்தான் ஆர்னோல்ட் பகிடி பண்ணினார். 'பெரிய, மிகப் பெரிய துவக்க இசை' என்ற பெயரே பகிடிதான். முழு வாத்தியக் குழுவோடு மூன்று வக்கியூம் கிளீனர், தரை மினுக்கும் மின்சார மெசின் ஒன்று, துவக்கு நாலு. துவக்க இசைக்குள் துவக்கு! வக்கியூம் கிளீனரில் இரண்டு நிமிர்ந்து நிற்கும் வகை, ஒன்று நிலத்தில் இழுபடும் வகை. கிளாரினெற்றுக்கும் எக்காளத்துக்கும் எழுதுவது போலவே இந்த மெசின்களுக்கும் சுருதி குறித்து எழுதிவைத்தார் அந்த மனிதர்.

எட்டு நிமிடம் அளவு ஓடும் இசை. அதைக் கேட்க முதல் ஏதோ கோமாளிக் கூத்து என்றுதான் நினைத்தோம். அப்படி இல்லை. இசை உண்மையிலேயே அழகானது. ஒரு மெட்டு வந்து நெஞ்சை உருக்கப்போகும் நேரம் பார்த்து மெசின்கள் 'ங்ர்ர்ர்' என்று இரையத் தொடங்கும். இயக்குபவர்கள், கோயில் திருவிழாவில் தவில் வித்துவான் இருப்பது போல, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நிற்கவேண்டும். கடைசியில் துவக்குக்காரர் சுட்டுத்தான் மெசின்கள் ஓயும். அதன் பிறகும் இசை முடியாது. முடிந்தது என்று கை தட்டப்போனால் மறுபடி முழங்கும். 'இறுதியாக ஒரு வார்த்தை' என்று ஏழு தரம் சொல்லும் எங்கள் ஊர்க் கூட்டப் பேச்சாளர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அகதியாக வந்த பொடியன்

இந்த இசை முதன்முதலில் ஒலித்தது 1956 நவம்பர் 13 ஆம் திகதி, லண்டன் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்தில். தேம்ஸ் ஆற்றங்கரையில் 1951 இல் திறந்த பெரிய மண்டபம் அது.

ஐம்பத்தாறு என்றால் எம்மவருக்கு வேறு நினைவு. அந்த ஆண்டு யூன் மாதத்தில்தான் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் அடி வாங்கினார்கள். உலகத்திலும் அது அமைதியான ஆண்டல்ல. அந்த நவம்பர் முற்பகுதியில்தான் சோவியத் தாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்து எழுச்சியை நசுக்கின. இரண்டு இலட்சம் பேரளவில் அகதிகளாக எல்லை கடந்தார்கள். சுயஸ் கால்வாயிலும் சண்டை. அப்படியான ஒரு மாதத்தில்தான் லண்டன் சனம் வக்கியூம் கிளீனர் கச்சேரிக்குப் போய் வயிறு நோகச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை ஏற்பாடு செய்தவர் யார் என்று வாசித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் ஓர் அகதி. பெயர் ஜெராட் ஹொவ்னுங். 1925 இல் பேர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிப் பாடசாலைப் பிள்ளையாக லண்டனுக்கு வந்து சேர்ந்தார். இன்று எங்கள் பிள்ளைகள் இருக்கும் வயதுதான் அவருக்கும். புதுப் பாடசாலை, புது மொழி, எல்லாம் அவரும் பட்டதுதான்.

வளர்ந்து கேலிச்சித்திரக்காரர் ஆனார். வாத்தியக்காரர்களைக் கேலியாக வரைந்த அவருடைய புத்தகங்கள் பேர்போனவை. ரியூபா என்ற, மனிதனையே விழுங்கும் அளவான பித்தளைக் குழலை வாசிக்கவும் பழகினார். சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்துவரும் தொண்டையும் செய்தார். 1956 இல் தன் சித்திரங்களில் உள்ள பகிடியை மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த இரவில் டெனிஸ் பிறெயின் என்ற புகழ்பெற்ற கொம்பு வாத்தியக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் வாசித்தார். பியானோவை வைத்துப் பகிடி இசை எழுதிய பிரான்ஸ் றைசன்ஸ்ரைன் என்பவரும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்தான். ஆங்கிலேயருடைய பெரிய மண்டபத்தில் ஆங்கிலேயரைச் சிரிக்க வைத்த கூட்டத்தில் இப்படி அகதிகள் முன்னுக்கு நின்றார்கள்.

ஹொவ்னுங் என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் நம்பிக்கை என்று பொருள். அவர் அதிக காலம் வாழவில்லை. 1959 செப்ரெம்பரில், 34 வயதில், திடீரென்று இறந்துபோனார்.

தன் காலில் சுட்டவர்

இசையை எழுதிய ஆர்னோல்ட் அகதி அல்லர். 1921 இல் நோதாம்ப்ரன் என்ற, சப்பாத்துப் பக்ரரிகள் நிறைந்த ஊரில் பிறந்தார். தகப்பனும் சப்பாத்துப் பக்ரரி முதலாளி. சிறு வயதில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங் வாசித்ததைக் கேட்டு, தானும் எக்காளம் ஊதப் பழகினார். பிறகு லண்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவில் முதல் எக்காளக்காரர் ஆனார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆயுதம் தூக்கமாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் பதிந்தவர் அவர். விமானப் படையிலிருந்த தமையன் போரில் இறந்தார். 1944 இல் மனம் மாறித் தானாகவே படையில் சேர்ந்தார். படையோ அவரை இராணுவ வாத்தியக் குழுவில் போட்டது. வெறுத்துப்போய், வெளியே வருவதற்காகத் தன் காலில் தானே சுட்டுக்கொண்டார்.

இதை வாசித்த பிறகு அந்த நாலு துவக்கும் எங்களுக்கு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது. துவக்கைப் படத்தில் மட்டும் பார்த்த ஒருவர் விளையாட்டாக எழுதிய வெடி அல்ல அது. தமையனைப் போரில் பறிகொடுத்து, துவக்கின் வேதனையைத் தன் காலிலேயே அனுபவித்த ஒருவர் எழுதிய வெடி. அவருடைய கச்சேரியில் துவக்கு மனிதரைக் கொல்வதில்லை. தூசி உறிஞ்சும் மெசினைத்தான் கொல்கிறது.

எம்மவருக்கு ஆர்னோல்டைத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற 1957 ஆம் ஆண்டுப் படத்துக்கு இசை அமைத்து ஒஸ்கார் பரிசு பெற்றவர் அவர்தான். அந்தப் படத்தின் பாலம் கட்டப்பட்டது இலங்கையில், களனி ஆற்றங்கரையில், கித்துல்கலையில். படத்தின் கதை நடக்கும் சயாம் மரண இரயில் பாதையில், 1942-43 இல், மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்து மடிந்தார்கள். ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பாலமும் படமும் இசையும் கிடைத்தன. எங்கள் சனத்துக்கு அந்தப் படத்தில் இடம் கிடைக்கவில்லை. இது ஆர்னோல்டின் குற்றமல்ல. ஆனாலும் தெரிந்திருக்கவேண்டியது.

ஆர்னோல்ட் பிற்காலத்தில் மனநோயாலும் குடியாலும் துன்பப்பட்டு, மருத்துவமனைகளில் நாட்களைக் கழித்தார். 1993 இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. 2006 இல் காலமானார். இப்படிப்பட்ட ஒருவர்தான் உலகத்தைச் சிரிக்கவைக்கும் இசையையும் எழுதினார்.

யார் அந்த ஹூவர்?

இந்த இசை 'ஜனாதிபதி ஹூவருக்கு' என்று காணிக்கை செய்யப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் வக்கியூம் கிளீனருக்கு ஊர்ப் பெயரே ஹூவர்தான். அதை விற்ற கொம்பனியின் பெயர் அது. அமெரிக்க ஜனாதிபதி ஹேர்பேர்ட் ஹூவருக்கும் அந்தக் கொம்பனிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றானதுதான் பகிடி. 1956 இல் அவர் உயிரோடுதான் இருந்தார்.

மகனுடைய அம்மாவுக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி வேறு. நிமிர்ந்து நிற்கும் மின்சார வக்கியூம் கிளீனரை உருவாக்கியவர் விஞ்ஞானி அல்லர், ஒரு துப்பரவுத் தொழிலாளி. ஒகையோ மாநிலத்தில் கன்ரன் என்ற ஊரில், ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைத்தவர் ஜேம்ஸ் மறி ஸ்பாங்லர். ஆஸ்த்மாக்காரர். விளக்குமாறு கிளப்பிய தூசி அவருடைய நெஞ்சை அடைத்தது. 1907 இல் மின்விசிறி மோட்டர் ஒன்று, சவர்க்காரப் பெட்டி ஒன்று, விளக்குமாற்றுத் தடி, தலையணை உறை, இவற்றைச் சேர்த்துக் கட்டித் தூசி உறிஞ்சும் மெசின் செய்தார். 1908 இல் உரிமை பதிவானது. அதை வாங்கியவர் குதிரைச் சேணம் முதலிய தோல் சாமான் செய்துவந்த வில்லியம் ஹூவர். உலகம் முழுக்கப் பரவியது ஹூவர் என்ற பெயர். செய்தவரின் பெயர் புத்தகத்துக்குள் கிடக்கிறது.

"பாத்தியளே, செய்தது எங்கடை ஆள்" என்றா அவ.

ஜனாதிபதி ஹூவரின் பெயரைத் தாங்கிய கோபுரம் பே ஏரியாவிலேயே இருக்கிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 285 அடி உயரமாக நிற்கும் அதை, அவ வேலைக்குப் போகும் வழியில் தினமும் காண்கிறா. அந்த மனிதருக்கும் இரண்டு முகம் உண்டு. அவர் ஜனாதிபதியாக இருந்த 1929-33 காலத்தில் பொருளாதாரம் விழுந்தது. வேலை இழந்தவர்கள் தகரத்தாலும் பெட்டி மட்டையாலும் போட்ட கொட்டில்களைச் சனம் கோபத்தில் ஹூவர் ஊர் என்று அழைத்தது. அதற்கு முன்பு, முதலாம் உலகப்போரில், பட்டினி கிடந்த பெல்ஜியம் நாட்டு மக்களுக்கு உணவு அனுப்பும் பெரும் பணியை நடத்தியவரும் அவரே. நிவாரண அரிசியின் அருமை எங்களுக்குத் தெரியாததா? அந்த நன்றிக்காகத்தான், 1939 நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பெல்ஜியம் வைத்திருந்த மணிகள் இன்று அந்தக் கோபுர உச்சியில் தொங்குகின்றன.

அப்பம்மாவும் வெடியும்

விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். ஆனால் எங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கிறா. மகனின் அப்பம்மா.

2009 மாசியிலிருந்து வைகாசி வரை அவ இருந்தது பங்கருக்குள்ளும் பங்கருக்கு வெளியிலும். அந்த நாட்களைப் பற்றி அவ கதைப்பதில்லை. யூலை 4 இரவில் வாணவெடி கேட்கத் தொடங்கினால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவா. நாங்களும் கூப்பிடுவதில்லை. வெடி ஓய்ந்த பிறகு தானாக வந்து தேத்தண்ணி கேட்பா.

பேரன் மேடையில் வாசிப்பதைப் பார்க்க அவவுக்கு ஆசை. நாலு துவக்கு வெடிக்கும் இசைக்கு அவவை எப்படிக் கூட்டிப்போவது? வீட்டில் விட்டுப் போகலாம். ஆனால் அப்படி எத்தனை இடங்களுக்குத்தான் விட்டுப் போவது?

எம்மில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடசாலைக்கு நாங்களாகப் போனால் கரைச்சல், கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்று வாய்மூடி இருந்துவிடுவோம். இந்தத் தரம் போனோம். ஆசிரியையிடம் எங்கள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டார். பாடசாலையில் உண்மைத் துவக்குக்கு இடமில்லை என்றும், இரண்டு பலகைத் துண்டைப் பிணைச்சல் போட்டு அடித்து வெடிச் சத்தம் எழுப்பப்போவதாகவும் சொன்னார். "ஆனால் சத்தம் சத்தம்தானே" என்று அவரே பிறகு சொன்னார். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பமும் வரப்போகிறது, அவர்களைத் தான் யோசிக்கவே இல்லை என்றார். இங்கே பிறந்த பிள்ளைகளும், துவக்கோடு யாரும் வந்தால் எப்படி ஒளிப்பது என்று வகுப்பில் பயிற்சி எடுப்பவர்கள்தானே.

அவர் மூன்று காரியம் செய்தார். நிகழ்ச்சித் தாளில் வெடிச் சத்தம் வரும் என்று அச்சடித்தார். இசை தொடங்க முதல் பலகையைச் சபைக்குத் தூக்கிக் காட்டி ஒரு தரம் அடித்துக் காட்டுவதென்று முடிவு செய்தார். அப்பம்மாவை ஒத்திகைக்கு அழைத்தார்.

ஒத்திகையில் அப்பம்மா அந்தப் பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. மெல்ல ஒரு தரம் அடித்தா. பிறகு பலமாக ஒரு தரம். "உந்தப் பலகைத் துண்டோ?" என்றா.

அதே ஒத்திகையில் மகனுடைய அம்மாவும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. மெசின் இயக்க வந்திருந்த மூன்று பெற்றோருக்கும் சுருதி பிடிபடவில்லை. வீட்டில் பாவிக்கும் புது மெசின்கள். எல்லாம் ஒரே மாதிரி முனகின. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தா. பிறகு எழும்பிப் போய், குழாயின் வாயை உள்ளங்கையால் பாதி பொத்திக் காட்டினா. சத்தம் சட்டென்று மேலே ஏறியது. கையை எடுக்க இறங்கியது. காற்று வராவிட்டால் மோட்டருக்குப் பாரம் குறைந்து வேகமாகச் சுற்றும், அதனால் சுருதி ஏறும். தூசிப் பை நிரம்பினாலும் அப்படித்தான். இரவிரவாக மெசினோடு வேலை செய்பவருக்குக் காதே சொல்லிவிடும். ஆசிரியை பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டினார். அவ கையால் அந்தச் சுரத்தைத் தேடிப் பிடித்தா. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன் சொன்னான்: "அம்மா, நீங்களே செய்யுங்கோ. சாறி கட்டுங்கோ."

"சாறியோடை உந்த மெசின் தள்ளேலாது" என்றா அவ.

அந்த மாலை

சித்திரை கடைசியில் நிகழ்ச்சி. அவ அன்றைய வேலையை ஒரு மெக்சிக்கோச் சிநேகிதியோடு மாற்றிக்கொண்டா. வேலைத்தலத்துப் பழைய மெசின் ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு இரவல் வாங்கிக்கொண்டு வந்தா. மேடையில், சொன்னபடியே, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நின்றா.

மெசின் இரைந்ததும் சபை சிரித்தது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சபை சிரித்தது அவவைப் பார்த்தல்ல. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த அந்தப் பெரிய இசையைப் பார்த்து. 'நான் எவ்வளவு உயர்ந்தவன்' என்று அது பீற்றிக்கொண்டு நிற்க, 'கொஞ்சம் காலைத் தூக்கு, கூட்டவேணும்' என்று மெசின் வந்து நின்றது. எங்கள் நாடகங்களிலும் அரசன் கொலுவிருக்கும்போது பபூன் வந்து இதைத்தானே செய்கிறான்? நாங்கள் அரசனைப் பார்த்தல்லவா சிரிப்போம்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் அது பொய். முதல் வெடிக்கு அப்பம்மா எங்கள் கையை இறுக்கிப் பிடித்தா. இரண்டாவது வெடிக்கு எழும்பிவிட்டா. கூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்று, மூச்சு விட்டுக்கொண்டு, "பலகைதான் எண்டு தெரியும். காலுக்குத் தெரியேல்லை" என்றா. அங்கேயே நின்றோம். வெடிகள் ஓய்ந்து, இசை முடிவதும் மறுபடி முழங்குவதுமாகக் கதவுக்குள்ளால் கேட்டது. நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ முழங்கியபோது அவ எங்களைத் திரும்பிப் பார்த்தா. "உது இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டா. நாங்கள் சிரித்துவிட்டோம். அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், கடைசி முழக்கத்தையும் நின்றபடியே கேட்டோம்.

காருக்குப் போகும்போது அந்தப் பாரமான மெசினை யாரும் சொல்லாமலே மகன் தூக்கிக்கொண்டு நடந்தான்.

2009 செப்ரெம்பர் 12 ஆம் திகதி லண்டன் அல்பேர்ட் மண்டபத்தில், புறொம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவில், இதே இசையை வாசித்தார்களாம். தரை மினுக்கும் மெசினைத் தள்ளியவர் மிருகங்களைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களால் உலகறிந்த டேவிட் அற்றன்பரோ. அந்த நாட்களில் நாங்கள் வவுனியாவுக்கு அங்கால் ஒரு முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள், தண்ணீர் வரிசையில் நின்றிருப்போம். அன்று யாராவது வந்து உங்கள் பிள்ளை ஒருநாள் இதை வாசிப்பான், நீங்கள் சிரிப்பீர்கள் என்று சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்போம். சிரிப்பு என்பது துன்பம் படாதவர்களின் சொத்து என்றுதான் கன காலமாக நினைத்திருந்தோம். பேர்லினிலிருந்து தப்பி வந்த பொடியனும், காலில் சுட்டுக்கொண்ட எக்காளக்காரரும் அப்படி நினைக்கவில்லை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு

பிள்ளையைப் பாடசாலை வாத்தியக் குழுவில் சேர்க்கக் காசில்லையே என்று பின்நிற்க வேண்டாம். பல பாடசாலைகளில் இரவல் வாத்தியம் கிடைக்கும். கேட்டால்தான் சொல்வார்கள். பொது நூலக அட்டை இலவசம், இசைத்தட்டும் எடுக்கலாம். வாத்தியங்களை ஒவ்வொன்றாக அறிய விரும்பினால், இன்னொரு ஆங்கிலேயரான பெஞ்சமின் பிரிற்றன் 1945 இல் பிள்ளைகளுக்காகவே எழுதிய 'யங் பேர்சன்ஸ் கைட் டு த ஒர்கெஸ்ட்ரா' நல்ல தொடக்கம். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்ரேர்ன் குறோவ் என்ற மரச்சோலையில் 1938 முதல் கோடைகாலத்தில் இலவசக் கச்சேரிகள் நடக்கின்றன. நுழைவு விபரத்தை முன்கூட்டியே விசாரித்துப் போங்கள்.

பாடசாலை நிகழ்ச்சியில் வெடியோ, திடீர் இருட்டோ வருமா என்று முதலே கேளுங்கள். வீட்டில் யாருக்காவது அது ஆகாது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் சொன்னதால் இன்னொரு குடும்பத்துக்கும் உதவியாயிற்று.

பிள்ளைகளின் புத்தகப் பையையும் இடைக்கிடை பாருங்கள். ஒளித்து வைத்த கடிதம் எல்லாம் கெட்ட செய்தியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.